அம்மாவின் கை, அம்மாவின் கொல்லை

முதுகலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் பெண்கவிதைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், மாணவிகள் கேட்டார்கள் என்பதற்காக என்னுடைய பழைய கவிதை ஒன்றை வாசித்தேன். அம்மாவின் கொல்லையைப் பற்றிய கவிதை. சமையலறைத் தண்ணீர் ஓடித் தேங்கும் இடத்தில் வாழை, கிணற்றடியில் கனகாம்பரம், வேலியில் அவரை, நடுவில் அம்மா குனிந்து நின்று துணி துவைத்த கல். அந்தக் கல்லின் தேய்மானத்தை அம்மா எழுதிய ஒரே புத்தகம் என்று அதில் சொல்லியிருந்தேன். பலருக்கும் பிடித்த கவிதை அது. வாசித்து முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "அந்தக் கொல்லை யாரு பேர்ல மேடம் இருக்கு?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "அம்மா பேர்லதான்" என்றேன்.

அது பொய். வேண்டுமென்று சொன்ன பொய் அல்ல. யோசிக்காமல் வந்த பொய். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த வீட்டையும் கொல்லையையும் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கினார். பத்திரம் அவர் பெயரில்தான் இருந்தது. 2003இல் உயில் எழுதாமல் இறந்துபோனார். அதற்குப் பிறகு அது அம்மா, அண்ணன், நான், தம்பி என்று நால்வருக்கும் பொது. ஆளுக்குக் கால் பங்கு. கால் பங்குக்காரி ஒருத்தி அந்தக் கொல்லையைப் பற்றிக் கவிதை எழுதியிருக்கிறாள், மேடைகளில் வாசித்திருக்கிறாள், பாடம் நடத்தியிருக்கிறாள். அது யாருடையது என்ற கேள்வி ஒருமுறைகூட அவளுக்குத் தோன்றவில்லை. அந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

*

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு ஆறாம் வேற்றுமை நினைவிருக்கும். உடைமைப் பொருளைச் சொல்லும் வேற்றுமை. அதை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒருவரிடமிருந்து பிரிக்க முடியாதபடி அவரோடு ஒன்றாக இருப்பது தற்கிழமை. அவரிலிருந்து வேறாக இருந்து அவருக்கு உரிமையாவது பிறிதின்கிழமை. 'அம்மாவின் கை' என்பது தற்கிழமை. 'அம்மாவின் தோட்டம்' என்பது பிறிதின்கிழமை. இரண்டுக்கும் உருபு ஒன்றுதான், பொருள் வேறு. கையை வாங்கவோ விற்கவோ பாகம் பிரிக்கவோ முடியாது. தோட்டத்தை எல்லாம் செய்யலாம். கைக்குப் பத்திரம் வேண்டியதில்லை. தோட்டத்துக்கு வேண்டும்.

பெண்களும் தோட்டமும் பற்றி நாம் எழுதியவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. தோட்டத்தை அம்மாவின் கையாக்குகிறோம். அவள் உடம்பின் நீட்சி, அவள் மனசின் பச்சை என்கிறோம். என் கவிதையும் அதைத்தான் செய்தது. கேட்க இனிமையான வாசகம். ஆனால் இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஏற்கெனவே உடம்பாகிவிட்ட ஒன்றை யாரும் அவளுக்குக் கொடுக்கவேண்டியதில்லை. அதில் மாற்றம் செய்யும்போது அவளைக் கேட்கவேண்டியதும் இல்லை. பிறிதின்கிழமையைத் தற்கிழமையாக்கியதன் வழியே, அவளிடம் அது இல்லை என்பதை நாம் மறைத்துவிட்டோம்.

தண்ணீர் ஊற்றுவதும் களை பறிப்பதும் அன்பின் கணக்கில் சேர்ந்துவிடும். மாற்றுவதுதான் உரிமையின் கணக்கு. ஒரு மரத்தை வெட்டலாமா, கிணற்றை மூடலாமா, ஒரு கல்லை எடுத்து வேறிடத்தில் போடலாமா என்று முடிவெடுப்பவர் யார்? அவர்தான் உரிமையாளர். மற்றவர்கள் பராமரிப்பவர்கள். இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, நாம் கொண்டாடும் சில பிரதிகளைத் திரும்பப் படிக்கலாம்.

*

நற்றிணையின் 172ஆம் பாட்டிலிருந்து தொடங்குகிறேன். எழுதியவர் பெயர் கிடைக்காத பாட்டு. சிறுமிகள் விளையாடும்போது மணலில் ஒரு புன்னை விதையைப் புதைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். அது முளைக்கிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். இது உங்களைவிடச் சிறந்தது, உங்கள் தங்கை என்கிறாள் தாய். இப்போது தலைவன் பகலில் வந்து அந்த நிழலில் நிற்கிறான். எங்கள் தங்கையின் முன்னால் உன்னோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது, வேறு நிழல் இல்லாமலா போய்விட்டது என்கிறாள் தோழி.

வகுப்பில் இதை எப்போதும் இயற்கையோடு கலந்த வாழ்வுக்கு உதாரணமாகத்தான் நடத்திவந்தேன். இப்போது வேறொன்று தெரிகிறது. மரத்தை நட்டது பெண்கள். வளர்த்தது பெண்கள். அந்த நடவை வைத்து ஓர் ஆணிடம் நிபந்தனை போடுகிறாள் தோழி: இந்த நிழலில் இது நடக்கக் கூடாது. நட்டவளுக்கு அந்த இடத்தின் மீது ஒரு சொல் இருக்கிறது என்பதை இந்தப் பாட்டு ஒப்புக்கொள்கிறது. ஆனால் தோழியின் பேச்சு எதை நோக்கிப் போகிறது? சீக்கிரம் வந்து மணந்துகொள் என்பதை நோக்கி. மணம் நடந்தால் தலைவி போய்விடுவாள். தங்கை மணலிலேயே நிற்கும். மரம் உறவாக இருக்கும்வரைதான் அவளுடையது. உறவைத் தவிர அவளிடம் வேறு பிடிமானம் இல்லை.

காளிதாசனின் சாகுந்தலத்து நான்காம் அங்கத்திலும் இதே கதைதான். செடிகளுக்கு ஊற்றாமல் தான் குடிக்காதவள் என்று சகுந்தலையைப் பற்றிக் கண்வர் மரங்களிடம் சொல்கிறார். அவள் தங்கையாக நினைத்த முல்லைக்கொடியைத் தோழிகளிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புகிறாள். அப்போது தோழிகள், எங்களை யாரிடம் ஒப்படைக்கிறாய் என்று அழுகிறார்கள். எத்தனை பேர் கண்கலங்கிப் படித்த காட்சி! ஆனால் ஒப்படைப்பதற்கு அந்த ஆசிரமத்தில் அவளுக்கு இருந்தது என்ன? ஊற்றிய தண்ணீர் மட்டும்தான்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால், தாயின் தோட்டம் என்றதும் நாம் கைநீட்டி எடுப்பது ஆலிஸ் வாக்கர் 1974இல் எழுதிய 'இன் செர்ச் ஆஃப் அவர் மதர்ஸ் கார்டன்ஸ்' கட்டுரையை. ஜார்ஜியாவில் வார விவசாயக் குடும்பத்தில் உழைத்துத் தேய்ந்த தன் தாய், குடியேறிய ஒவ்வொரு ஓட்டை வீட்டைச் சுற்றியும் ஐம்பதுக்கு மேற்பட்ட வகைச் செடிகளை வளர்த்ததை வாக்கர் எழுதுகிறார். எழுதவும் வரையவும் அனுமதிக்கப்படாத கறுப்பினப் பெண்களின் கலை எங்கே போயிற்று என்ற கேள்விக்கு அவர் கண்டெடுத்த விடை அது. என் கவிதையின் துவைக்கல் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் வாக்கர் மறக்காத ஒன்றை நான் மறந்தேன். அவருடைய தாய் பூ வளர்த்த மண் அவர்களுடையது அல்ல. அடுத்த வீடு போகும்போது அந்தத் தோட்டம் பின்னால் நின்றுவிடும். அந்த இல்லாமைதான் கட்டுரையின் வலி. வலியை விட்டுவிட்டுப் பூவை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதுவும் பட்டாவுள்ள ஒரு வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டு.

மாற்றும் உரிமை என்ற கேள்வியை நேராகத் தொட்ட தமிழ்க்கதை அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'. 1988இல் வந்த தொகுப்பின் தலைப்பும் அதுதான். ராஜஸ்தானத்துப் பெரிய குடும்பம். வீட்டுப் பெண்களின் நாள் முழுவதும் கழிவது மூலையில் இருக்கும் ஒரு சமையலறையில். தெற்கிலிருந்து வந்த மருமகள் மீனாட்சி, அதையொட்டிய தாழ்வாரத்தைப் பெரிதாக்கலாமே என்கிறாள். யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. சில நாளில் அங்கே துணி காயப்போடும் கொடிகள் கட்டப்படுகின்றன. தொங்கும் துணிகள் சமையலறையிலிருந்து தெரிந்த மலைகளை மறைத்துவிடுகின்றன.

இதைச் சமையலறை அடிமைத்தனத்தின் கதை என்றே அதிகமும் படித்திருக்கிறோம். அது சரிதான். ஆனால் சமையலறையில் வெந்துகொண்டிருக்கும் வரை மீனாட்சியைப் பற்றி அந்த வீட்டுக்கு எந்தக் கவலையும் இல்லை. சுவரைத் தள்ளிக் கட்டலாம் என்று அவள் சொன்ன கணத்தில்தான் வீடு யாருடையது என்பது நினைவுபடுத்தப்படுகிறது. கோபமான சொற்களை விடக் கொடிக்கயிறு நன்றாகப் பதில் சொல்லிவிட்டது.

வர்ஜீனியா உல்ஃப் 1929இல் கேட்ட தனி அறையைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பீனா அகர்வால் 1994இல் 'எ ஃபீல்ட் ஆஃப் ஒன்ஸ் ஓன்' நூலில் அறையிலிருந்து வயலுக்கு வந்தார். நிலம் பெண்ணின் பெயரில் இருப்பதும் அதன் மீது அவளுக்குக் கட்டுப்பாடு இருப்பதும் வேறுவேறு என்று விளக்கினார். இரண்டு தலைப்பிலும் 'தனக்கென' என்ற சொல் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் வாழ்வது பொதுவான இடங்களில். பிரிபடாத வீடு, பொதுக் கிணறு, பொதுக் கொல்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். பொது இடத்தில் ஒரு கல்லை நகர்த்தச் சொல்வதற்கு வேண்டிய துணிச்சல் வேறு.

*

2021 தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது கொல்லை சிமெண்ட் தரையாக இருந்தது. வாழை இல்லை. அவரைப் பந்தல் இல்லை. கிணற்றுச் சுவர்வரை சாம்பல் நிறம். நடுவில் அண்ணனின் புதுக் கார். துவைக்கல்லை மட்டும் எடுக்காமல், அதைச் சுற்றி அழகாகச் சிமெண்ட் பூசியிருந்தார் கொத்தனார்.

"ஏண்ணே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன்.

"இதுல கேக்க என்ன இருக்கு? வெளிய நிறுத்துனா கோடு போட்டுட்டுப் போயிடறானுங்க. அம்மாவோட கல்லை எடுக்கலை பாத்தியா" என்றார் அண்ணன்.

எனக்குள் இருந்த கவிஞர் அழுதார். பங்குக்காரி சட்டம் படிக்க உட்கார்ந்தாள். படிக்கப் படிக்க என் கவிதையின் காலமே எனக்கு வேறாகத் தெரிந்தது.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் மனைவிக்கும் சம பங்கு தந்தது. ஆனால் அதன் 23ஆம் பிரிவு குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் ஒரு விலக்கு வைத்தது. ஆண் வாரிசுகள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது. அதுவரை அவளுக்கு அங்கே குடியிருக்கும் உரிமை உண்டு. மகளாக இருந்தால், மணமாகாதவள், கைவிடப்பட்டவள், கணவனைப் பிரிந்தவள், விதவை ஆகியோருக்கு மட்டும். அப்பா இறந்த 2003இல் எனக்குத் திருமணம் ஆகியிருந்தது. கணவரோடு சேர்ந்துதான் வாழ்ந்தேன். ஆகவே அந்த வீட்டில் கால் பங்குக்கு உரிமையாளர் நான். அதைப் பிரித்துக் கேட்கவோ அங்கே தங்கவோ எனக்கு உரிமை இல்லை. வாழ்க்கை நன்றாக இருந்ததே அதற்குத் தடை. 9 செப்டம்பர் 2005 அன்று அமலுக்கு வந்த திருத்தம் 23ஆம் பிரிவை நீக்கியது. பூர்விகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளையும் மகனைப் போலப் பிறப்பால் பங்காளியாக்கியதும் அதே திருத்தம்தான். தமிழ்நாடு 1989இலேயே மணமாகாத மகள்களுக்கு அதைக் கொடுத்திருந்தது. அந்தச் சட்டத்துக்கும் அறுபது ஆண்டுகளுக்கு முன்பு, 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது.

கூட்டுரிமை பற்றிய சட்டத்தின் மொழி எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிரிபடாத சொத்தில் இந்த மூலை உனக்கு, அந்த மூலை எனக்கு என்று கிடையாது. ஒவ்வொரு பங்குக்காரருக்கும் ஒவ்வொரு பிடி மண்ணிலும் பங்கு இருக்கிறது. மற்றவர் சம்மதமில்லாமல் ஒருவர் பொது நிலத்தின் தன்மையையே மாற்றினால், தடுக்கச் சொல்லி நீதிமன்றம் போகலாம். நற்றிணைத் தோழி உறவைச் சொல்லிக் கேட்டதைப் பங்கைச் சொல்லிக் கேட்கலாம். மாற்றுவதற்குச் சம்மதம் வேண்டும் என்பதைச் சட்டம் சொல்லியிருக்கிறது. அம்மாவைக் கேட்கவேண்டும் என்று வீடுகளுக்குத்தான் தோன்றவில்லை.

பங்கு கேட்கும் தங்கையை நம் ஊர் எப்படிப் பார்க்கும் என்று எழுதவேண்டியதில்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்கும் சகோதரிகளை நான் பார்த்திருக்கிறேன். 'விடுதலை' என்ற பெயரை யார் வைத்தார்களோ! பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டும், தீபாவளிச் சீர் வரவேண்டும், அம்மாவுக்கு முடியாதபோது போய் நிற்க ஓர் இடம் வேண்டும். அதற்கு விலையாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். நான் போடவில்லை. போடவில்லை என்பதில் எனக்கு ஒரு பெருமிதம் இருந்தது. அந்தப் பெருமிதத்தோடுதான் அண்ணியிடம் பேசப் போனேன்.

*

"சிமெண்ட் போடச் சொன்னது நான்தான்" என்றார் அண்ணி.

1998இல் அந்த வீட்டுக்கு வந்தவர். நான் வேலைக்கும் பிறகு கணவர் வீட்டுக்கும் போய்விட்ட பின், வாழைக்குத் தண்ணீர் திருப்பியதும் கொல்லையைக் கூட்டியதும் அவர். "நீங்க வருசத்துக்கு நாலு நாளு வர்றீங்க. மழைக்காலத்துல அந்தச் சேத்துல வழுக்கித்தான் நான் கைய ஒடிச்சிக்கிட்டேன். வாழைக்கட்டைக்கு அடியில ரெண்டு தடவ பாம்பு பாத்தாச்சு. வடாம் பிழிஞ்சா காயவைக்க எடமில்ல, மாடிக்குத் தூக்கிட்டு ஏறணும். கெணத்தடியில ஒரு பகுதிக்காவது தரை போட்டுக் குடுங்கன்னு மூணு வருசமாக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"மூணு வருசமாவா?"

"ஆமா. கார் வந்ததும் ஒரே நாள்ல போட்டாச்சு. எனக்குக் கேட்ட எடத்துலதான் கார் நிக்குது" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு வந்த இடத்தில் என் வாசிப்பு முழுவதும் உடைந்தது. எனக்கு அது அம்மாவின் தோட்டம். அண்ணிக்கு அது தினசரி வேலை. என் ஞாபகத்தில் பச்சையாக இருப்பதற்காக அந்தச் சேற்றில் இன்னொரு பெண் வழுக்கவேண்டியிருந்தது. அண்ணன் அனுமதி கேட்கவில்லை என்று கோபப்பட்டேனே, பதினைந்து வருடமாக அந்தக் கொல்லையைக் கவிதையில் வைத்திருந்த நான் அண்ணியிடம் ஒருமுறையாவது கேட்டேனா?

சட்டப்படி பார்த்தால் நிலைமை இன்னும் விசித்திரம். ஊரில் இல்லாத எனக்கு அந்த மண்ணில் பங்கு உண்டு. அங்கேயே இருக்கும் அண்ணிக்கு இல்லை. 2005இல் மகளுக்குச் சம உரிமை தந்த திருத்தம் வந்தது. அதே 2005இல் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டமும் வந்தது. பின்னது மருமகளுக்கு அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைத் தந்தது. குடியிருக்கலாம், மாற்ற முடியாது. அம்பையின் மீனாட்சி நிற்கும் இடம் அதுதான். மகள்களுக்குக் கிடைத்ததைக் கொண்டாடும் நம் எழுத்து, மருமகள்களை இன்னும் தாழ்வாரத்திலேயே நிறுத்திவைத்திருக்கிறது. ஒவ்வொரு மகளும் வேறொரு வீட்டின் மருமகள் என்பதை மறந்துவிட்டு.

இன்னொருவரும் இருக்கிறார். என் சிறுவயதில் மாட்டுக் கொட்டகை கூட்டவும் கொல்லையைக் கொத்திவிடவும் சேரியிலிருந்து வந்தவர். தெருவாசல் வழியாக அவரை எங்கள் வீடு வரவிட்டதில்லை. கொல்லைப்படல் வழியாகத்தான் வருவார். என்னைவிட இருபது வயதாவது மூத்தவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஆடிமாதம் அவரை விதையைக் கொண்டுவந்து ஊன்றுவது அவர்தான். என் கவிதையின் அவரைக்கொடி அவர் ஊன்றியது. கவிதையில் அவர் இல்லை. அம்மாவின் மௌனத்தை எழுதுவதாக நினைத்து எழுதிய ஒரு கவிதையில், இன்னொரு பெண்ணின் உழைப்பை அம்மாவின் பெயரில் எழுதிக்கொடுத்திருக்கிறேன். அதுவும் ஒரு பத்திரப் பதிவுதான்.

*

பொங்கலுக்குத் தம்பியும் வந்தபோது நால்வரும் உட்கார்ந்து பேசவேண்டும் என்றேன். அண்ணியும் உட்காரவேண்டும் என்றேன். அண்ணன் முகம் இறுகியது. "பாகம் கேக்கறியா?" என்றார். "இல்ல. கொல்லையை என்ன செய்யறதுன்னு கேக்கறேன்" என்றேன். இரண்டும் ஒன்றுதான் என்று அவருக்குப் பட்டிருக்கும். ஒருவகையில் அவர் நினைத்தது சரி.

அண்ணி தனக்கு வேண்டியதைச் சொன்னார்: கிணற்றடித் தரை இருக்கட்டும், கார் தெருவுக்குப் போகட்டும், சுவரோரம் மூன்றடி அகலத்துக்குச் சிமெண்டை உடைத்து மண்ணாக விடவேண்டும், கறிவேப்பிலைக்கும் நாலு கீரைக்கும் அது போதும். தம்பி, மழைத் தண்ணீர் இறங்க வழியில்லாவிட்டால் கிணறு வற்றிவிடும் என்று அதை ஆதரித்தான். நான் வாழையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, அதற்குத் தண்ணீர் திருப்பப்போவது யார் என்று நினைத்து நிறுத்திக்கொண்டேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கால் பங்குக்காரர் அவரும்தான். தன்னை யாரும் கேட்கப்போவதில்லை என்று பழகிப்போனவர். "உனக்கு என்னம்மா வேணும்?" என்று நான் கேட்டதும் கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கறதுன்னா, அந்தக் கல்லத் தூக்கி வெளிய போட்டுருங்க."

எந்தக் கல் என்று அண்ணன் கேட்டார்.

"தொவைக்கிற கல்லுதான். அதப் பாத்தாலே முதுகு வலிக்குது. மெஷின் வந்து எத்தன வருசமாச்சு, இன்னும் எதுக்கு அது அங்க?"

நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வாழ்க்கையில் நாங்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அந்தக் கல்லாகத்தான் இருக்கும். அவர் அதைச் சுற்றிச் சிமெண்ட் பூசினார். நான் அதைச் சுற்றிக் கவிதை எழுதினேன். அம்மாவின் அடையாளம் என்று இருவரும் பாதுகாத்தோம். கல்லின் மீது அம்மாவுக்கு இருந்தது பாசம் இல்லை, முதுகுவலி. அவர் அதை 'எழுதவில்லை'. அதில் தேய்ந்தார். தேய்மானத்தைப் புத்தகம் என்று பெயர் மாற்றியது நான்.

இலக்கணத்துக்குத் திரும்புகிறேன். கல்லை நாங்கள் அம்மாவின் கையாக்கிவிட்டிருந்தோம். தற்கிழமை. அதனால்தான் அதை எடுக்கலாமா என்று அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. கையை எடுக்கட்டுமா என்று யார் கேட்பார்கள்? அம்மா அந்த ஒரு வாக்கியத்தால் கல்லைத் தன்னிலிருந்து பிரித்து வெளியே வைத்தார். அது என்னுடையது, ஆனால் நான் அல்ல. ஆகவே அது வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. பிறிதின்கிழமையின் பொருள் முழுவதும் அதில் இருந்தது.

*

பெண்களின் பழைய உலகத்தை மீட்டெடுப்பது பெண்ணிய விமர்சனத்தின் பெரிய வேலையாக இருந்திருக்கிறது. கோலம், கைவேலை, தாலாட்டு, தோட்டம் எல்லாவற்றையும் கலை என்று பெயர் சொல்லி மீட்டோம். தேவையான வேலை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மீட்பவர்கள் பெரும்பாலும் அந்த வேலையிலிருந்து தப்பித்துப் படித்து வெளியே வந்த மகள்கள். நமக்கு அது ஞாபகம். ஞாபகம் மாறாமல் இருக்க விரும்பும். அங்கே இருப்பவர்களுக்கோ மாற்றம் தேவைப்படுகிறது. ஒரு தோட்டத்தை அம்மாவின் பிரதி என்று படிப்பதற்கு முன், அதில் ஒரு சொல்லைத் திருத்தும் உரிமை அம்மாவுக்கு இருந்ததா என்று கேட்கவேண்டும். நட்டவர் யார், தண்ணீர் ஊற்றியவர் யார், எந்த வாசல் வழியாக வந்து ஊற்றினார், மாற்ற விரும்பியவர் யார், யார் பேச்சு எடுபட்டது. இந்தக் கேள்விகள் கவிதைக்கு வெளியே உள்ளவை என்று நான் நம்பிய காலம் உண்டு. இப்போது கவிதைக்குள் நுழையும் வழியே இவைதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. சுவரோரம் மூன்றடி மண் கிடைத்தது. கறிவேப்பிலை பிடித்துவிட்டது. கார் தெருவில் நிற்கிறது. அதைப் பற்றி அண்ணன் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. பாகம் பிரிக்கவில்லை, விடுதலைப் பத்திரமும் எழுதவில்லை. அண்ணியின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. அதற்கு என்ன செய்வது என்று என் கால் பங்கை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கல்லைப் பெயர்க்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பெயர்த்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மண்ணு போட்டு மூடிருங்க, யாராவது விழுந்துடப் போறாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்தக் கவிதையை நான் திருத்தவில்லை. இப்போதும் வகுப்பில் வாசிக்கிறேன். வாசித்துவிட்டு, அந்த மாணவி கேட்ட கேள்வியை நானே கேட்கிறேன். பிறகு கல்லைப் பற்றி அம்மா சொன்னதைச் சொல்கிறேன்.